கிங்ஸ் சர்க்கிளுக்கு யார் பெயர்?

நமது சங்கத்தின் முகவரிப் புத்தகத்தைப் புதுப்பிக்கும் வேலை இந்தத் தடவை என் தலையில் வந்து விழுந்தது. ரிடையர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை என்று கமிட்டியில் ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டார்கள். பழைய பிரதியையும் புதிய படிவங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்க்க உட்கார்ந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் இருக்கும் அங்கத்தினர்கள்கூட ஒரே இடத்தில் இருப்பதாக எழுதவில்லை. ஒருவருக்கு அது 'கிங்ஸ் சர்க்கிள்'. இன்னொருவருக்கு 'மாட்டுங்கா கிழக்கு'. மூன்றாமவர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர். 'மஹேஷ்வரி உத்யான் அருகில்' என்று சட்டப்படி எழுதியிருக்கிறார். பழைய பிரதியில் எல்லோருக்கும் 'பம்பாய்-19'. புதியதில் 'மும்பை 400019'. தபால்காரர் மட்டும் எந்தக் காலத்திலும் குழம்பவில்லை என்று நினைக்கிறேன்.

கமிட்டியில் இதைச் சொன்னபோது பேச்சு வேறு பக்கம் திரும்பியது. 2024-ஆம் வருஷம் மார்ச் மாதம் மகாராஷ்டிர மந்திரி சபை மும்பையின் ஏழு ரயில் நிலையங்களுக்குப் பெயர் மாற்றத் தீர்மானித்தது பலருக்கும் நினைவிருக்கும். ஜூலையில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றி மத்திய சர்க்காருக்கு அனுப்பியது. கரி ரோடு லால்பாக் ஆக வேண்டும். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு டோங்ரி. மரீன் லைன்ஸ் மும்பாதேவி. சர்னி ரோடு கிர்காவ்ம். காட்டன் கிரீன் காளாசௌக்கி. டாக்யார்ட் ரோடு மஜ்காவ். ஏழாவதாக நம்முடைய கிங்ஸ் சர்க்கிள். அதற்குத் தேர்ந்தெடுத்த பெயர் தீர்த்தங்கர் பார்ஸ்வநாத்.

"ராஜா போய் எத்தனை வருஷமாச்சு! அவன் பேரை இன்னும் கட்டிண்டு அழணுமா?" என்றார் ஒரு மாமா. "பார்ஸ்வநாதர் மகான். அவர் பேர் வந்தா நமக்கு என்ன நஷ்டம்? நாமதான் ஒரு பேரும் கேக்கலையே!" இன்னொருவருக்கு மனசு ஆறவில்லை. "எண்பது வருஷமா இங்கே இருந்தது யாரு? நம்மளைக் கேட்டாளா ஒரு வார்த்தை?" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். முதல் ஆறு பெயர்களும் அந்தந்த இடத்தில் ஜனங்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும் பெயர்கள். லால்பாக் என்றால் கணபதி. கிர்காவ்ம் என்றால் பழைய மராட்டியச் சால்கள். மும்பாதேவி அம்மனின் பெயர்தான், ஆனாலும் கோயிலைச் சுற்றியுள்ள பேட்டைக்கும் அதுவே பெயர். இவற்றை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஒரு வேடிக்கை மட்டும் உண்டு. 'சர்னி' இங்கிலீஷ் வார்த்தையே இல்லை. மாடு மேய்வதற்கு மராட்டியில் 'சர்ணே' என்பார்கள். மேய்ச்சல் நிலம் இருந்த இடம் ஆதலால் அந்தப் பெயர் என்று சொல்வது வழக்கம். வெள்ளைக்காரன் பெயரை எடுக்கப் புறப்பட்ட பட்டியலில் மாடுகளும் அகப்பட்டுக்கொண்டன!

ஏழாவது பெயர் அப்படி வந்ததல்ல. கிங்ஸ் சர்க்கிளை 'பார்ஸ்வநாத்' என்று அதுவரை எந்த டாக்ஸிக்காரரும் சொல்லிக் கேட்டதில்லை. பேட்டையின் பெயரையே வைக்கலாமே என்றால், மத்திய ரயில்வேயில் மாட்டுங்காவும் மேற்கு ரயில்வேயில் மாட்டுங்கா ரோடும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே அந்த இடம் காலியாக இருப்பதாகத் தோன்றியிருக்கிறது. காலியாகத் தோன்றும் இடத்துக்குப் பெயர் சூட்ட எந்தக் காலத்திலும் யாராவது வருவார்கள். கிங்ஸ் சர்க்கிளும் அப்படி உண்டானதுதான்.

1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. ஊரே காலியானது. நெருக்கமான குடியிருப்புகள்தான் நோய்க்குக் காரணம் என்று 1898-இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்தவர்தான் சாண்ட்ஹர்ஸ்ட் பிரபு. 2024-இல் ஒரே பட்டியலில் இடம் பெற்ற சாண்ட்ஹர்ஸ்ட் ரோடும் கிங்ஸ் சர்க்கிளும் ஒரு வகையில் அந்த டிரஸ்டின் குழந்தைகள். தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் வயலும் தோப்புமாக இருந்த நிலத்தை வாங்கி, அகலமான வீதிகளும் தோட்டங்களுமாக டிரஸ்ட் மனை பிரித்தது. மாட்டுங்கா என்ற பெயர் அதற்கு மிகவும் முந்தியது. மாதங்கம் என்றால் யானை. பீமராஜா தம் யானைகளைக் கட்டிய இடம் என்று செவிவழிச் செய்தி. யானை நின்ற இடத்தில் டிரஸ்ட் வட்டமாக ஒரு தோட்டம் போட்டது, அதற்கு ராஜா பெயர் வந்தது.

ஆனால் சுற்றியுள்ள வீதிகளின் பெயர்களைப் பாருங்கள். பண்டார்கர் ரோடு, தெலாங் ரோடு, சந்தாவர்கர் ரோடு, பாவ் தாஜி ரோடு. சமஸ்கிருத பண்டிதர் ராமகிருஷ்ண கோபால பண்டார்கர், ஹைகோர்ட் ஜட்ஜ் காசிநாத் திரியம்பக் தெலாங், நாராயண் சந்தாவர்கர், வைத்தியரும் புராதன ஆராய்ச்சியாளருமான டாக்டர் பாவ் தாஜி லாட். எல்லோரும் இந்த மண்ணின் பெரியவர்கள். நம்மவர்கள் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹாண்ட் சர்ட்டிபிகேட்டுடன் வந்து இறங்கியபோது இந்த வீதிகளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. தெலாங் ரோட்டில் சங்கர மடம் கட்டினோம். 1932-இல் தென்னிந்தியர் கல்விச் சங்கம் ஏற்பட்டது. தெலாங் யார் என்று நம் குழந்தைகளில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தோம் என்று கேட்டால் பதில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நான் அந்த வீதியில் விளையாடி வளர்ந்தவன். அவர் ஹைகோர்ட் ஜட்ஜ் என்று தெரிந்துகொண்டது ஐம்பது வயதுக்கு மேல்.

நாமும் பெயர் வைக்காமல் இல்லை. மைசூர் கபே, கபே மெட்ராஸ், மைசூர் அசோசியேஷன். 1973-இல் மைசூர் ராஜ்யம் கர்நாடகம் ஆயிற்று. 1996-இல் மெட்ராஸ் சென்னை ஆயிற்று. மாட்டுங்காவில் இரண்டும் பழைய பெயரிலேயே நின்றன. ஷண்முகானந்தா ஹால் 1963-இல் திறந்தது, 1990-இல் தீ விபத்து, 1998-இல் மறுபடி திறந்தது. அப்போது காஞ்சி மஹா ஸ்வாமிகளின் திருநாமத்தைச் சேர்த்தார்கள். பெயர்ப் பலகையில் ஸ்ரீ ஷண்முகானந்தா சந்திரசேகரேந்திர ஸரஸ்வதி ஆடிட்டோரியம் என்று இருக்கும். பெரியவாளிடம் அத்தனை பக்தி கொண்ட நாம்கூட, "எங்கே கச்சேரி?" என்றால் "ஷண்முகானந்தாவில்" என்றுதான் சொல்கிறோம். இது அபசாரம் என்று யாரும் நினைப்பதில்லை. நாக்குக்குப் பழகினது அவ்வளவுதான்.

செம்பூரில் நாம் இன்னும் ஒரு படி மேலே போனோம். சேடா நகரில் 108 படிகளுடன் சுப்பிரமண்ய சமாஜம் எழுப்பிய முருகன் கோயில் 1980-இல் கும்பாபிஷேகம் கண்டது. அந்த ஸ்தலத்துக்குத் 'திருச்செம்பூர்' என்று பெயர். திருச்செந்தூரை நினைத்து யாரோ ஒரு புண்ணியவான் வைத்திருக்க வேண்டும். மராட்டியரின் 'செம்பூர்' முன்னால் ஒரு 'திரு'வைச் சேர்த்த மாத்திரத்தில் அது நம் க்ஷேத்திரமாகிவிட்டது! பக்கத்து வீட்டு மராட்டிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. அவரும் வந்து படியேறி விபூதி வாங்கிக்கொண்டு போகிறார். அவருடைய செம்பூரை நாம் எடுத்துக்கொண்டு போகவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இப்போது பம்பாய்க்கு வருகிறேன். 1995-இல் சிவசேனை, பாரதீய ஜனதா கூட்டணி சர்க்கார் ஏற்பட்டதும் 'மும்பை' என்பது உத்தியோகபூர்வமான பெயராயிற்று. மாட்டுங்காவில் நம்மவர்களில் பலருக்கு அது மனக்கஷ்டம் தந்தது. காரணம் இலக்கணம் அல்ல. 1966-இல் சிவசேனை தொடங்கிய காலத்தில் 'மார்மிக்' பத்திரிகை எந்த ஆபீஸில் எத்தனை தென்னிந்தியர் என்று பெயர்ப் பட்டியல் போட்டதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. ஐயர், நாயர், ஷெட்டி என்று வரிசையாக அச்சில் வந்த பெயர்கள். அவர்களே ஊர்ப் பெயரையும் மாற்றினார்கள் என்றபோது, ஊர் நம்மைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது போல இருந்தது.

ஆனால் நியாயமாகப் பார்த்தால், மராட்டியிலும் குஜராத்தியிலும் அது எப்போதும் மும்பைதான். நமக்குத்தான் பம்பாய், ஹிந்திக்காரருக்கு பம்பயி, வெள்ளைக்காரனுக்கு பாம்பே. அடுத்த வருஷமே மெட்ராஸைச் சென்னை என்று மாற்றியபோது, "தமிழில் எப்போதும் சென்னப்பட்டணம்தானே" என்று நாம் சொன்ன அதே வாதத்தைத்தான் மராட்டியர் முந்தின வருஷம் சொன்னார்கள். அதை அப்போது நாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மொழிவாரி மாநிலத்துக்காக நடந்த சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உயிர்விட்ட பின்னரே 1960-இல் பம்பாய் மராட்டியர் கைக்கு வந்தது. அவர்கள் நினைவாகத்தான் ஃப்ளோரா ஃபவுன்டன் ஹுதாத்மா சௌக் ஆனது. ரோம தேவதையின் சிலையை அங்கிருந்து அகற்றவில்லை. பக்கத்தில் தியாகிகள் ஸ்தூபியை வைத்தார்கள். இரண்டு பெயரும் புழங்குகின்றன. ஹைகோர்ட்டுகளின் பெயரை மாற்ற 2016-இல் பார்லிமென்டில் ஒரு மசோதா வந்தது. தமிழ்நாடோ 'தமிழ்நாடு ஹைகோர்ட்' என்று வையுங்கள் என்று கேட்டது. மசோதா நிறைவேறவே இல்லை. பம்பாய் ஹைகோர்ட், மெட்ராஸ் ஹைகோர்ட் இரண்டும் தப்பித்தன.

இதுவரை சொன்னதெல்லாம் மனக்கசப்போடு நின்றவை. பெயருக்காக வீடு எரிந்த கதையும் நம் மாநிலத்தில் உண்டு. 1978 ஜூலை 27-ஆம் தேதி மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு டாக்டர் அம்பேத்கர் பெயரை வைக்கச் சட்டமன்றம் தீர்மானித்தது. மராத்வாடா கிராமங்களில் தலித் குடிசைகள் தீக்கிரையாயின, உயிர்கள் போயின. தீர்மானம் அப்படியே நின்றுவிட்டது. 16 வருஷம் கழித்து, 1994 ஜனவரி 14 சங்கராந்தியன்று, 'டாக்டர் பாபாசாஹேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம்' என்று இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். மராட்டியில் முதலில் கேட்டது 'நாமாந்தரம்', பெயர் மாற்றம். கடைசியில் கிடைத்தது 'நாமவிஸ்தாரம்', பெயர் நீட்டல். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு தலைமுறை கழிந்தது.

அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊருக்கே பெயர்த் தகராறு. 1610-இல் அபிசீனியாவிலிருந்து வந்த மாலிக் அம்பர் 'கட்கி'யைத் தலைநகராக்கினார். அவர் மகன் ஃபதே கான் 'ஃபதேநகர்' என்றார். 1653-இல் தக்கணத்து அதிகாரியாக வந்த இளவரசர் ஔரங்கசீப் தம் பெயரை வைத்தார். 1689-இல் சம்பாஜி மகாராஜாவைக் கொல்லச் செய்தவரும் அதே ஔரங்கசீப். 1988-இலேயே சிவசேனை 'சம்பாஜிநகர்' என்று சொல்லத் தொடங்கிவிட்டது. மத்திய சர்க்காரின் அனுமதி 2023-இல்தான் வந்தது; 2024 மே மாதம் ஹைகோர்ட் எதிர்ப்பு மனுக்களைத் தள்ளுபடி செய்தது. சம்பாஜி மகாராஜாவைக் கொன்றவன் பெயர் ஊருக்கு இருக்கலாமா என்று கேட்பவரின் மனசு எனக்குப் புரிகிறது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்து, ஒரு பாதுஷாவைப் பற்றி நினைக்காமலேயே அந்தப் பெயரை ரேஷன் கார்டில் வைத்திருந்த சாதாரண முஸ்லிம் குடும்பத்தின் சங்கடமும் புரிகிறது. மாலிக் அம்பருக்காகப் பேச மட்டும் யாரும் வரவில்லை. ஊரை உண்டாக்கியவர் அவர்!

நம் செம்பூருக்குப் பக்கத்திலேயே 2021-இல் ஒன்று நடந்தது. காட்கோபர், மான்குர்த் இணைப்புச் சாலை மேம்பாலத்துக்கு அஜ்மீர் குவாஜா கரீப் நவாஸ் பெயரை வைக்கலாம் என்று ஒரு தரப்பு சொல்ல, சத்ரபதி சிவாஜி மகாராஜா பெயர்தான் வேண்டும் என்று இன்னொரு தரப்பு கிளம்ப, ஆகஸ்ட் 1-ஆம் தேதி சிவாஜி மகாராஜா பெயரிலேயே பாலம் திறக்கப்பட்டது. அஜ்மீருக்கு ஹிந்துக்களும் போகிறார்கள். சிவாஜி மகாராஜாவின் படையில் முஸ்லிம்களும் இருந்தார்கள். பாலத்துக்குக் கீழே கோவண்டி ஜனங்களுக்குக் குடிதண்ணீரும் குப்பை லாரியும்தான் கவலை.

சொந்த ஊர்ப்பக்கம் மட்டும் பெரிய மனசு என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் மாவட்டங்களுக்கும் பஸ் கார்ப்பரேஷன்களுக்கும் தலைவர்கள் பெயராகவே சூட்டினார்கள். நெல்லை கட்டபொம்மன், வ.உ. சிதம்பரனார், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர், காமராஜர், பெரியார். 1997-இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது தென் மாவட்டங்களில் ஜாதிக் கலவரம் மூண்டது. கட்டபொம்மனின் படையில் இருந்து உயிர்விட்ட அந்த வீரர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் என்பதே சிலருக்குக் குறை. அவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். சர்க்கார் வேறு வழியில்லாமல் அத்தனை பெயரையும் ஒரே வீச்சில் எடுத்துவிட்டது. சேரன், பாண்டியன், பல்லவன்கூடப் போயின. மாவட்டங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி, சிவகங்கை, விருதுநகர், ஈரோடு என்று ஊர்ப் பெயருக்கே திரும்பின. அந்தச் செய்தியை அன்று மும்பையில் மிகக் கவலையோடு படித்தவர்கள் தாராவிக்காரர்கள். அவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள்.

தாராவி என்றதும் நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களும் ஆதி திராவிடர்களும் தோல் பதனிடும் தொழிலோடு தாராவியில் குடியேறினார்கள். 1887-இல் பெரிய பள்ளிவாசலும் 1913-இல் கணேசர் கோயிலும் உண்டாயின என்பார்கள். அப்படியானால் மாட்டுங்காவில் நம் அக்ரஹாரம் அமைவதற்கு முன்பே மும்பையில் வேரூன்றிய தமிழர் அவர்கள்தான். தாராவியின் தெற்கு ஓரத்தில் ஒரு பெரிய குடியிருப்பு உண்டு. அதன் பெயர் 'மாட்டுங்கா லேபர் கேம்ப்'. ஆம், மாட்டுங்கா. மராட்டி எழுத்தாளர் பாபுராவ் பாகுல் அங்கே வாழ்ந்தவர். 1963-இல் வந்த அவருடைய கதைத் தொகுதியின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'நான் ஜாதியை மறைத்தபோது' என்று வரும். கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறி மாஹிம் போகிறவர்கள் அந்தக் குடியிருப்பின் பக்கமாகத்தான் போகிறோம். நான் சின்ன வயசில் "அதுவும் மாட்டுங்காவா?" என்று கேட்டதுண்டு. "இல்லைடா, அது தாராவி" என்று உடனே பதில் வரும். பெயரில் மாட்டுங்கா இருந்தும் அது எங்கள் மாட்டுங்கா இல்லை. இதற்கு எந்தச் சட்டமன்றமும் தீர்மானம் போடவில்லை. நாங்களே மனசுக்குள் எல்லை போட்டுக்கொண்டோம்.

2020 டிசம்பரில் மகாராஷ்டிர சர்க்கார் ஜாதிப் பெயர் கொண்ட குடியிருப்புகளின் பெயர்களை எடுத்துவிடத் தீர்மானித்தது. மஹார்வாடா, மாங்வாடா, பிராமண்வாடா போன்றவை இனி சமதா நகர், பீம் நகர், கிராந்தி நகர் என்று இருக்க வேண்டும் என்பது நோக்கம். நம் மாட்டுங்காவிலும் ஒரு பிராமண்வாடா ரோடு உண்டே, அது என்னவாகுமோ என்று அப்போது நம்மவர்கள் சிலர் வாட்ஸ்அப்பில் வருத்தப்பட்டார்கள். மஹார்வாடா என்ற முகவரியை வேலைக்கான மனுவில் எழுத நேர்ந்த பையனைப் பற்றி அந்தச் செய்திகளில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

முகவரிப் புத்தக வேலை முடியும் தறுவாயில் ஒரு படிவம் வந்தது. நம் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர், ஐ.டி. கம்பெனியில் வேலை. தொண்ணூறடி ரோட்டுக்குப் பக்கத்தில் புதிதாக எழும்பிய கட்டடத்தில் ஃபிளாட் வாங்கியிருக்கிறார். ஊர் என்ற இடத்தில் 'சயான்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே பின்கோடு 400017.

சயானுக்கு 400022. பதினேழு தாராவி. போன் செய்து கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "பில்டர் பிரோஷர்ல சயான்னுதான் மாமா போட்டிருக்கான். பொண்ணு பாத்துண்டிருக்கா ஆத்துல, அதான்..." என்றார்.

"தபால் ஒழுங்கா வரதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கரெக்டா வந்துடறது மாமா."

அவர் எழுதியபடியே 'சயான் 400017' என்று அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.